விசா மட்டும் போதாது: வெளிநாட்டு ஊழியருக்குத் தேவையான மூன்று அனுமதிகள்

ஒரு நிறுவனம் வேறு நாட்டில் இருக்கும் ஒருவரை நேர்காணல் செய்து, சம்பளம் பேசி, பணி நியமனக் கடிதம் அனுப்புகிறது. அவரும் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறார். இனி விமான டிக்கெட் எடுப்பதுதான் பாக்கி என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தக் கடிதம் அவர்கள் இருவருக்கும் இடையிலான உடன்பாடு மட்டுமே. அவர் போகப்போகும் நாட்டின் அரசு என்று மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது. அது இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

அந்த அரசு கேட்பவை மூன்று கேள்விகள். இந்த நபர் எல்லையைக் கடந்து உள்ளே வரலாமா? வந்தபின் சம்பளத்துக்கு வேலை செய்யலாமா? எத்தனை காலம், எந்த அடிப்படையில் இங்கே வசிக்கலாம்? முதல் கேள்விக்கு விடை விசா. இரண்டாவதற்கு வேலை அனுமதி. மூன்றாவதற்கு வசிப்பிட அனுமதி. சவூதி அரேபியாவில் இகாமா என்று எல்லாரும் சொல்லும் அட்டை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

பல நாடுகளில் இந்தக் கேள்விகளைக் கையாள்வது வெவ்வேறு அலுவலகங்கள். விசாவைத் தூதரகம் கவனிக்கிறது. வேலை அனுமதியைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. வசிப்பிட அனுமதி குடிவரவுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி விதிகளும் தனித்தனிக் காலாவதித் தேதிகளும் உண்டு. ஒன்று கையில் இருப்பதால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. இந்தத் துறையில் மனிதர்களை அலைக்கழிக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில்தான் பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. விசா இருக்கிறது, வேலை அனுமதி இன்னும் வரவில்லை. வேலை அனுமதி புதுப்பிக்கப்பட்டுவிட்டது, வசிப்பிட அட்டை காலாவதியாகிவிட்டது. இப்படிப்பட்ட நிலைகளில் மாட்டிக்கொள்பவர் எப்போதும் ஊழியர்தான். அதனால் மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

எல்லா நாடுகளும் மூன்று தனிக் காகிதங்கள் கொடுக்கின்றன என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த ‘ஒற்றை அனுமதி’ விதிமுறைப்படி, ஒரே விண்ணப்பத்தில் வேலைக்கும் வசிப்பிடத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதி வழங்கப்படுகிறது. ஜெர்மனியில் வேலை செய்யும் உரிமை வசிப்பிட அனுமதியிலேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான வேலைகளுக்கு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் சம்மதத்தை அலுவலகங்களே தங்களுக்குள் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் காகிதம் ஒன்றாகிவிட்டாலும் கேள்விகள் மூன்றாகவே இருக்கின்றன. யார் சம்மதம் தரவில்லையோ, அங்கேதான் விண்ணப்பம் நிற்கும்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே தற்காலிக ஊழியருக்கு வசிப்பிட அட்டை என்று தனியாக ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, எல்லைக்கு வந்து உள்ளே நுழையக் கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை எல்லை அதிகாரி பதிவுசெய்யும் ஐ-94 என்ற ஆவணத்தின் தேதிதான் தீர்மானிக்கிறது. விசாவில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சம் இருந்தாலும் ஐ-94 தேதி முடிந்துவிட்டால் தங்குவது சட்டமீறல். அதேபோல ஐ-94 செல்லுபடியாகும்வரை விசா காலாவதியானாலும் உள்ளே இருப்பதில் தவறில்லை. வெளியே போய்த் திரும்பும்போதுதான் புதிய விசா வேண்டும். அங்கே பல ஆண்டுகள் இருந்தவர்கள்கூட இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

முதல் விண்ணப்பம் நிறுவனத்துடையது

சுற்றுலா விசாவுக்குப் பயணியே விண்ணப்பிக்கிறார். வேலைக்கான நடைமுறையில் பெரும்பாலும் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது நிறுவனம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, உள்நாட்டில் வேலை தேடுபவர்களின் நலன். இந்த வேலைக்கு நம் நாட்டில் ஆள் கிடைக்கவில்லையா, வெளியாளுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்து உள்ளூர்ச் சம்பளத்தைச் சரிக்கப் பார்க்கிறீர்களா என்று அரசு கேட்கிறது. கனடாவில் பல வேலைகளுக்கு நிறுவனம் முதலில் எல்.எம்.ஐ.ஏ. எனப்படும் தொழிற்சந்தைத் தாக்க மதிப்பீட்டைப் பெற வேண்டும். வேலையை உள்நாட்டில் விளம்பரம் செய்ததையும் தகுதியானவர் கிடைக்காததையும் அதில் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் வல்லுநர், மேலாளர் போன்றோருக்கான வேலை அனுமதியாகிய எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் அரசின் வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் குறைந்தது 14 நாட்கள் விளம்பரம் செய்ய வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறையும் சேர்ந்திருக்கிறது. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் எத்தனை நாட்டவர் கலந்திருக்கிறார்கள், உள்ளூர் ஆட்களுக்கு எவ்வளவு வாய்ப்புத் தரப்படுகிறது போன்றவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, 40 புள்ளிகள் எடுத்தால்தான் தேர்ச்சி. சிறப்புத் தகுதி தேவைப்படும் வேலைகளுக்கான அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இன்னொரு வகைக் கட்டுப்பாடு: ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள். பல்கலைக்கழகங்கள் போன்ற சில அமைப்புகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. மற்ற நிறுவனங்கள் மார்ச் மாதத்தில் பெயர் பதிந்து, தேர்வானால் விண்ணப்பித்து, அக்டோபர் 1ஆம் தேதிதான் ஊழியரைத் தொடங்கவைக்க முடியும். இந்த நாட்காட்டி தெரியாமல் மே மாதத்தில் ஆள் தேடத் தொடங்கும் நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருக்க நேரும்.

இரண்டாவது காரணம் பொறுப்பு. இவரை அழைத்து வருவது யார், இவர் வேலையை விட்டால் எங்களுக்குச் சொல்லப்போவது யார் என்று அரசு கேட்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்பவரே ஸ்பான்சர். பிரிட்டனில் நிறுவனம் முதலில் ஸ்பான்சர் உரிமம் பெற வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு ஸ்பான்சர் சான்று ஒதுக்க வேண்டும். அது காகிதமாக வருவதில்லை. கணினியில் உருவாகும் ஒரு குறிப்பெண். ஊழியர் அந்த எண்ணை வைத்து மூன்று மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாத நிறுவனம் எத்தனை அருமையான வேலைக் கடிதம் கொடுத்தாலும் இந்த வகை விசாவுக்கு அது உதவாது. வேலை தேடுபவர்கள் இதை முதல் நாளிலேயே சரிபார்க்கலாம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசே வெளியிடுகிறது.

கிடைத்த ஒப்புதலில் குறிப்பிட்ட நிறுவனம், பதவி, சம்பளம், சில நேரம் பணியிடம்கூட எழுதப்பட்டிருக்கும். அதாவது அனுமதி அந்த மனிதருக்குப் பொதுவாகத் தரப்பட்டது ஆகாது. அந்த மனிதர் அந்த வேலையை அந்த நிறுவனத்தில் செய்வதற்காகத் தரப்பட்டது. கணக்காளராக அனுமதி பெற்றவரைக் கிடங்கு மேற்பார்வைக்கு மாற்றுவதும், ஒரு குழும நிறுவனத்தின் பெயரில் வந்தவரை இன்னொரு குழும நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்ப்பதும் உள்ளே சாதாரண நிர்வாக மாற்றமாகத் தெரியலாம். குடிவரவுத் துறையின் பார்வையில் அது அனுமதியில்லாத வேலை. எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய இடம்தரும் திறந்த அனுமதிகளும் சில நாடுகளில் உண்டு. கனடாவில் அது தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் ஒப்புதல் வழியாக வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது கட்டப்பட்ட அனுமதியே.

வரிசை தப்பினால்

நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறினாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். நிறுவனத்துக்கு ஒப்புதல், ஊழியரின் ஆவணங்கள், தூதரகத்தில் விசா, நாட்டுக்குள் நுழைவு, உள்ளே வந்தபின் பதிவும் வசிப்பிட அட்டையும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். முந்தைய கட்டத்தின் காகிதம் காலாவதியாவதற்குள் அடுத்த கட்டத்தை முடித்தாக வேண்டும்.

ஜப்பானின் முறை இதைத் தெளிவாகக் காட்டும். நிறுவனம் ஜப்பானுக்குள்ளேயே குடிவரவு முகமையிடம் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் ஒன்றைப் பெறுகிறது. அந்தச் சான்றிதழ் பொதுவாக மூன்று மாதங்களுக்குச் செல்லும். அதை ஊழியருக்கு அனுப்ப, அவர் தம் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் விசா பெற்று, அந்தக் காலத்துக்குள் ஜப்பானில் இறங்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் இறங்கிய கையோடு வசிப்பிட அட்டை தந்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வேலை மாறினாலும் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இங்கே முதல் சான்றிதழ் வந்த மகிழ்ச்சியில், தற்போதைய வேலையிலிருந்து விலகும் அறிவிப்புக் காலத்தைக் கணக்கிட மறந்தால் போதும். மூன்று மாத அறிவிப்புக் காலமுள்ள ஊழியரிடம் மூன்று மாதச் சான்றிதழைக் கொடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வரிசை வேறு விதம். முதலில் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அனுமதியும் நுழைவு அனுமதியும் வருகின்றன. உள்ளே வந்தபின் 60 நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் அடையாள அட்டை, வசிப்பிட அனுமதி ஆகியவற்றை முடிக்க வேண்டும். 2022 முதல் பாஸ்போர்ட்டில் வசிப்பிட விசா ஒட்டுவதில்லை; அடையாள அட்டையே அதற்குச் சான்று. மருத்துவப் பரிசோதனை வெறும் சடங்கு ஆகாது. காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கான பரிசோதனையில் தகுதி பெறாவிட்டால் வசிப்பிட அனுமதி கிடைக்காமல் திரும்ப நேரிடலாம். ஆகவே ஊரில் இருக்கும்போதே, இருக்கும் வேலையை விடுவதற்கு முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று வலியுறுத்திச் சொல்வேன்.

கனடாவில் வெளியிலிருந்து விண்ணப்பித்தவருக்கு ஒப்புதல் கடிதம் மட்டும் முன்கூட்டியே வரும். வேலை அனுமதிக் காகிதத்தை எல்லையில் அதிகாரி அச்சிட்டுத் தருவார். நிறுவனத்தின் பெயர், தேதிகள், பிறந்த நாள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அந்த மேசையைவிட்டு நகரும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவது நிமிட வேலை. பிறகு திருத்துவதற்கு மாதங்கள் ஆகும்.

அவசரத்துக்கு வழியே இல்லையா என்றால், சில இடங்களில் உண்டு. ஜெர்மனி 2020 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்த திறன்மிகு தொழிலாளர் குடிவரவுச் சட்டத்தில் விரைவு நடைமுறை ஒன்று இருக்கிறது. ஊழியரின் சார்பில் நிறுவனமே உள்ளூர் அயல்நாட்டவர் அலுவலகத்தை அணுகித் தனிக் கட்டணம் செலுத்த, அந்த அலுவலகம் பட்ட அங்கீகாரம், வேலைவாய்ப்பு முகமையின் சம்மதம் ஆகியவற்றை ஒருங்கிணைத்து முன்சம்மதம் தருகிறது. தூதரகத்தில் நேரம் கிடைப்பதும் அதன்பின் விரைவாகிறது. ஆனால் எந்த விரைவு வழியும் குறையுள்ள ஆவணங்களைச் சரிசெய்து தராது.

ஆவணங்கள்: கடலுக்கு அப்பால் செல்லும் பட்டச் சான்றிதழ்

ஒரு நாட்டின் பல்கலைக்கழகப் பட்டம் உண்மையானதா என்று இன்னொரு நாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இதற்காக 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதில் சேர்ந்துள்ள நாடுகள், சான்றிதழைக் கொடுத்த நாட்டின் அதிகாரி அதன்மீது இடும் அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரையை ஏற்றுக்கொள்கின்றன. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் போல அதில் சேராத நாடுகளுக்குப் போவதென்றால் நீண்ட வழி: உள்நாட்டில் கல்வித்துறை, வெளியுறவுத் துறை ஆகியவற்றின் சான்றொப்பம், பிறகு அந்த நாட்டின் தூதரகச் சான்றொப்பம், சில நேரம் அங்கே போய்ச் சேர்ந்தபின் மீண்டும் ஒன்று. பல வாரங்கள் ஆகலாம். வேலை உறுதியாகும் முன்பே பட்டச் சான்று, பிறப்புச் சான்று, திருமணச் சான்று மூன்றின் மூலப் பிரதிகளும் கையில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் படித்த கல்லூரியில் மறுபிரதி கேட்டு நிற்பது விசாவைவிட அதிக நாட்களை விழுங்கும்.

முத்திரை உண்மைத்தன்மைக்கு மட்டும்தான். அந்தப் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்பது வேறு கேள்வி. ஜெர்மனியில் அனாபின் என்ற தரவுத்தளத்தில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பட்டங்களும் மதிப்பிடப்பட்டுப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன; அதில் இல்லாவிட்டால் தனி மதிப்பீடு பெற வேண்டும். மருத்துவர், செவிலியர் போன்றவர்களுக்குத் தொழில் உரிமம் என்று நான்காவது அனுமதியே ஒன்று உண்டு. விசாவும் வேலை அனுமதியும் கிடைத்து, உரிமத் தேர்வில் தேறாமல் நோயாளியைத் தொட முடியாத நிலையில் இருக்கும் செவிலியரின் நிலை மிகக் கொடியது. இப்படிப்பட்ட தொழில்களில் உரிமத்தை முதலில் தொடங்குங்கள், விசா பின்னால் வரட்டும்.

இன்னொன்று பெயர். ஒரு சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. கணினிக்கு இவர்கள் மூன்று மனிதர்கள். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவதும், மற்ற ஆவணங்களில் வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயாராக வைப்பதும் பல வாரத் தாமதத்தைத் தவிர்க்கும். பாஸ்போர்ட்டின் காலாவதியையும் பாருங்கள். பல நாடுகள் அதைத் தாண்டி அனுமதி தருவதில்லை. மூன்று ஆண்டு அனுமதிக்குத் தகுதியான ஒருவர், பாஸ்போர்ட்டில் 14 மாதங்கள்தான் மிச்சம் என்பதால் 14 மாத அனுமதியோடு நிற்க நேரிடும்.

‘சும்மா ஒரு வாரம்தானே?’

வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிறுவனங்களுக்கு வரும் ஆசை, ஊழியரை வணிக விசாவில் அழைத்து வந்து வேலையைத் தொடங்கிவிடலாமே என்பது. இதைச் செய்யவே கூடாது. வணிக விசாவில் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம், கருத்தரங்குக்குப் போகலாம். அந்த நாட்டு நிறுவனத்துக்குப் பயன் தரும் அன்றாட வேலையைச் செய்யக் கூடாது. எத்தனை நாள் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதே முக்கியம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக இடம்தரும் ஷெங்கன் பகுதியில் 180 நாட்களில் 90 நாட்கள் தங்கலாம் என்ற விதி தங்குவதைப் பற்றியது. 90 நாட்கள் வேலை செய்யலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது.

எல்லைக்கோடு சில இடங்களில் மெல்லியதுதான். வெளிநாட்டு நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய அமெரிக்கத் தொழிற்சாலைக்கு, விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்தச் சேவை எழுதப்பட்டிருந்தால், விற்ற நிறுவனத்தின் தொழில்நுட்பர் பி-1 வணிக விசாவில் போய் இயந்திரத்தை நிறுவித் தரலாம். கட்டடம் கட்டும் வேலை இதில் சேராது. இப்படிப்பட்ட விதிவிலக்கை நம்பிப் போகிறவர் ஒப்பந்தத்தின் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லையில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். அவரை அனுப்பிய மேலாளர் அங்கே இருக்கமாட்டார். ‘சுற்றுலா என்று சொல்லிவிடு’ என்று ஊழியருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் செயல். பொய் பதிவானால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அது அவர் பெயரில்தான் நிற்கும்.

ஒரே நிறுவனத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளைக்கு மாற்றுவதற்குத் தனி வழிகள் உண்டு. அமெரிக்காவின் எல்-1 விசாவுக்கு, முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்ந்து ஓராண்டு அதே குழுமத்தில் வெளிநாட்டில் வேலை செய்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிமுறைப்படி மேலாளர்களும் சிறப்பு வல்லுநர்களும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள், பயிற்சிபெறுவோர் ஓராண்டு இப்படி மாற்றத்தில் இருக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்துகொண்டே ஒரு நாட்டில் தங்க விரும்புகிறவர்களுக்கு எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் தனி விசாவைத் தொடங்கியது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின.

குடும்பம் பின்னால் வருகிறதா?

ஊழியர் முதலில் கேட்கத் தயங்கும் கேள்வி இது. நிறுவனம் தானாகவே பதில் சொல்ல வேண்டும். குடும்பத்தை அழைத்துவரக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டுமா, வீட்டின் அளவு பார்ப்பார்களா, திருமணச் சான்றுக்கும் சான்றொப்பம் தேவையா என்பவை ஒருபுறம். மனைவியோ கணவனோ அங்கே வேலை செய்யலாமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஜெர்மனியில் நீல அட்டை (உயர்தகுதி ஊழியர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) வைத்திருப்பவரின் துணைவர் எந்த வேலையும் செய்யலாம். சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து சார்ந்தோர் அனுமதியில் இருப்பவர் வேலை செய்யப் பொதுவாகத் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். எச்-1பி ஊழியரின் துணைவர் அமெரிக்காவில் பொதுவாக வேலை செய்ய முடியாது. நிரந்தர வசிப்புரிமைக்கான நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைவர்களுக்கு மட்டும் 2015 முதல் வாய்ப்பு இருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் தம் தொழிலை மூட்டைகட்டி வைத்துவிட்டு வீட்டில் அமர நேரும் முடிவு இது. கையெழுத்திடும் முன்பே குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பணம் யாருடையது, பாஸ்போர்ட் யாரிடம்?

இந்த அனுமதிகளுக்கெல்லாம் கட்டணம் உண்டு. அதை யார் கட்டுவது? 1997இல் சர்வதேச தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்று பொதுவிதி வகுக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனால் பல நாடுகளின் சொந்தச் சட்டங்கள் அதே திசையில்தான் இருக்கின்றன. சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆட்சேர்ப்புச் செலவு, இகாமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், அவற்றின் புதுப்பிப்பு, தாமதத்துக்கான அபராதம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்குகிறது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் ஆட்சேர்ப்புச் செலவை ஊழியர்மீது சுமத்தத் தடை விதிக்கிறது. கனடாவில் எல்.எம்.ஐ.ஏ. கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்க முடியாது. பிரிட்டனில் ஸ்பான்சர் செலுத்தும் குடிவரவுத் திறன் வரியும் அப்படித்தான்.

சட்டம் இப்படி இருக்க, வீட்டு நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். இடையில் நிற்கும் ஏஜெண்டுகள் நிறுவனத்துக்குத் தெரியாமல் வாங்கியது அந்தப் பணம் என்று பதில் சொன்னால் போதாது. வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வோர் ஊழியரிடமும், யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று அவருக்குப் புரியும் மொழியில், தனியாகக் கேட்க வேண்டும். கொடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டும். கடனோடு வந்தவருக்கு வேலையை மறுக்கும் துணிவு இருக்காது. ஒப்பந்தத்தில் எழுதியதைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தாலும் அவர் தலையசைப்பார்.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரே விதி: அது ஊழியரிடம் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்காக வாங்கினால் ரசீது கொடுத்து, அந்த விண்ணப்ப வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று அலுவலகப் பெட்டகத்தில் பூட்டிவைப்பது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் தவறுதான். கட்டாய உழைப்பின் அடையாளங்களாக சர்வதேச தொழிலாளர் நிறுவனம் குறிப்பிடும் 11 அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பறித்துவைப்பதும் ஒன்று.

வேலை போனால், வேலை முடிந்தால்

வசிக்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருப்பதால், வேலை போகும் நாளில் இரண்டும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன. எவ்வளவு அவகாசம் என்பது நாட்டுக்கு நாடு மிகவும் வேறுபடும். அமெரிக்காவில் எச்-1பி ஊழியருக்கு அதிகபட்சம் 60 நாட்கள். ஐ-94 அதற்கு முன் முடிந்தால் அதுவரை மட்டும். சிங்கப்பூரில் பாஸ் ரத்தானபின் பொதுவாக 30 நாட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 நீல அட்டை விதிமுறை, அட்டை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு மூன்று மாதமும், அதைத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதமும் வேலையில்லாமல் இருக்க இடம் தருகிறது. நிறுவனம் மாறுவதற்குப் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற நிலையும் சில இடங்களில் தளர்ந்திருக்கிறது. கத்தார் 2020இல் அந்தத் தடையில்லாச் சான்று முறையை நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில், ஓராண்டு வேலை செய்த ஊழியர் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாளியின் அனுமதியின்றி வேறு இடத்துக்கு மாற வழிசெய்தது.

ஆள்குறைப்பை முடிவுசெய்யும் கூட்டத்தில் இந்த நாட்கணக்கு மேசைமேல் இருக்க வேண்டும். உள்ளூர் ஊழியருக்கு வேலை மட்டும் போகிறது. வெளிநாட்டு ஊழியருக்கு வீட்டு ஒப்பந்தம், குழந்தையின் பள்ளி, துணைவரின் வேலை எல்லாம் சில வாரங்களில் முடிவுக்கு வருகின்றன. கடைசி வேலை நாளை ஒரு மாதம் தள்ளிவைப்பது நிறுவனத்துக்குச் சிறு செலவு. அவருக்கு அது பெரிய உதவி.

மறுபுறம், அனுமதி காலாவதியான ஒருவரை வேலையில் வைத்திருந்தால் நிறுவனத்துக்கும் தண்டனை உண்டு. பிரிட்டனில் 2024 பிப்ரவரி முதல், அனுமதியில்லாத ஒவ்வோர் ஊழியருக்கும் முதல் மீறலில் 45,000 பவுண்டு வரை, மீண்டும் நடந்தால் 60,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஆகவே ஒவ்வோர் ஊழியருக்கும் பாஸ்போர்ட், விசா, வேலை அனுமதி, வசிப்பிட அனுமதி என நான்கு காலாவதித் தேதிகளைத் தனித்தனியாகக் குறித்துவைத்து, ஆறு மாதம் முன்பே புதுப்பிப்பைத் தொடங்குவது சரியான பழக்கம். அந்தப் பட்டியலின் பிரதி ஊழியரிடமும் இருக்க வேண்டும், ஏனெனில் மனிதவளப் பிரிவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஊழியர் நல்லபடியாக வேலை முடித்துக் கிளம்பும்போதும் கோப்பை மூட வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவித்து, வரிக்கணக்கு முடியும்வரை அவருக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்திவைக்க வேண்டும். இது தெரியாத ஊழியர் கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடுவார். ஜெர்மனியில் குடிபெயர்வதை நகர அலுவலகத்தில் பதிவுநீக்கம் செய்ய வேண்டும். ஜப்பானைவிட்டு நிரந்தரமாகக் கிளம்புகிறவர் வசிப்பிட அட்டையை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் அதன் இரு பக்கங்களையும் நகல் எடுத்து, ரத்துச் சான்று, அனுபவச் சான்று, வரி ரசீது ஆகியவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டுக்கு அடுத்த விசா கேட்கும்போது, இதற்கு முன் எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த அனுமதியில் இருந்தீர்கள் என்ற கட்டம் அந்த விண்ணப்பத்தில் இருக்கும்.